திருச்சபையில் வாலிபர் பொறுப்பு

ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் கோயில் முற்றத்தில் நின்று அளவளாவும் வேளையில் தவறாது கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. "வாலிபப் பிள்ளைகளை இப்பொழுது கோயிற் பக்கம் காணக்கூடியதாக இல்லை" என்பதே அம்முறைப்பாடு. பதினைந்து பதினாறு வயதிலே திடப்படுத்தல் பெற்று, வெண்ணுடை தரித்து, முதன்முறையாக நற்கருணைக்கு முழந்தாளிட்ட பிள்ளைகள் இருபது வயதளவில் எங்கோ மறைந்துவிடுகிறார்கள். பின்னர் தம் திருமண அறிவித்தல் வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமையிலேதான் அவர்களுட் பலரை மீண்டும் காண்கிறோம். கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய திருச்சபையார் என்ற வேறுபாடு இக்குறைக்கு இல்லை. சைவ அன்பர்கள் தம் ஆலய பரிபாலன சபைகளைப் பற்றியும், கிராமத்துப் பெரியவர்கள் தம் சனசமூக நிலையத்தைப் பற்றியும் இதே முறைப்பாட்டைக் கூறக் கேட்டிருக்கிறேன். ஆதலால், இன்று நான் திருச்சபையை முன்வைத்துப் பேசினும், ஏனைய நேயர்களுக்கும் இதிற் சிறிது பயன் இருக்கக்கூடும்.

இக்குறைக்கு நாம் தேடும் பரிகாரங்கள் பெரும்பாலும் ஒரே வகையின. துடுப்பாட்டப் போட்டி ஒன்று வைக்கிறோம். சுற்றுலா ஒன்றை ஒழுங்குசெய்கிறோம். ஆராதனையிலே கிற்றாரும் மேளமும் சேர்க்கிறோம். இவற்றை நான் குறைகூறவில்லை. இளமைக்கு விளையாட்டும் இசையும் உரியன. ஆயினும், வாலிபரை எவ்வாறு பிடித்து வைத்திருப்பது என்று நாம் கேட்கும் வினாவே பொருந்தாத வினா என்பது என் எண்ணம். அவர்கள் வராவிட்டால் நின்றுபோகத்தக்க வேலை எதனையாவது அவர்களிடம் நாம் ஒப்படைத்திருக்கிறோமா? கேட்கவேண்டியது இதுவே.

பாடசாலை அதிபராக இருப்பவன் கண்ணுக்கு இவ்விடத்தில் ஒரு முரண்பாடு எளிதிற் புலப்படும். பதினெட்டு வயது மாணவ முதல்வன் ஒருவன் காலைக் கூட்டத்திலே அறுநூறு பிள்ளைகளை ஒழுங்கில் நிறுத்துகிறான். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் பணம் சேர்த்துச் செலவுசெய்து, பற்றுச்சீட்டுகளுடன் கணக்கு ஒப்புவிக்கிறான். முதலுதவிக் குழுவின் தலைவியாகிய மாணவி, மயங்கி விழுந்த பிள்ளையை யாரும் ஏவாமலே தூக்கிச் செல்கிறாள். அதே மாணவனும் மாணவியும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தால் நாம் கொடுப்பது யாது? அவனுக்குக் கதிரை அடுக்கும் வேலை; அவளுக்குப் பூச்சாடி அலங்கரிக்கும் வேலை. வெள்ளிக்கிழமை வரை தலைவராயிருந்தவர்கள் இரண்டு நாளிற் குழந்தைகளாகிவிடுகிறார்கள்.

குருத்துவப் பட்டம் பெறாத சபையார் அனைவரையும் பொதுநிலையினர் என்று அழைக்கிறோம். வாலிபர் ஊழியம் என்றும் பொதுநிலையினர் தலைமை என்றும் இரண்டு விடயங்களாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். என் மனத்துக்கு அவை ஒன்றே. நாற்பது வயதிலே சபையைத் தாங்கப்போகும் மூப்பர் இன்று இருபது வயதிற் பின்வாங்கில் அமர்ந்திருக்கிறார், அல்லது வெளியே மதிலோரம் நிற்கிறார்.

பொதுநிலையினர் தலைமை என்பது மேல்நாட்டிலிருந்து அண்மையில் வந்த புதுக்கொள்கை என்று சிலர் நினைக்கின்றனர். எமது நாட்டுச் சரித்திரம் அதற்கு மாறாகச் சாட்சி கூறுகிறது. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று ஒல்லாந்தர் கட்டளை பிறப்பித்தனர். ஆலயங்கள் புரொட்டஸ்தாந்து வழிபாட்டுக்கு மாற்றப்பட்டன. கோவையிலிருந்து புறப்பட்ட யோசேப் வாஸ் அடிகளார் 1687ஆம் ஆண்டில் மாறுவேடத்தில் இந்நாட்டில் வந்திறங்கும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அச்சமயத்தார் மேய்ப்பனற்ற மந்தையாகவே இருந்தனர். நான் இங்கே கோவை என்பது கொங்குநாட்டுக் கோயம்புத்தூரையன்று. போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவைப் பழைய நூல்கள் அப்பெயரால் வழங்கும்.

முப்பது ஆண்டுகள் என்றால் ஒரு தலைமுறை. பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, தாமும் பெற்றோராகிவிடுவர். அத்தனை காலமும் குருவைக் காணாத குடும்பங்களிலே விசுவாசம் அணையாதிருந்தது எவ்வாறு? வீடுகளிலே செபமாலை சொல்லப்பட்டது. பெரியோர் சிறுவருக்கு மந்திரங்களை வாய்ப்பாடமாகக் கற்பித்தனர். வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு பிச்சை ஏற்பவர்போல் வீடுவீடாகச் சென்றார் என்றும், அதனைக் கண்டவர்களின் முகக்குறிப்பால் மறைந்திருந்த கத்தோலிக்கரை அறிந்துகொண்டார் என்றும் அவர் வரலாறு கூறும். பின்னர் சில்லாலையிலே தங்கி, இரவு வேளைகளிற் பணியாற்றினார்.

அவருடைய துணிவைப் பலரும் போற்றுவர். நான் இங்கு எடுத்துக்காட்ட விரும்புவது அவருடைய நிருவாகத் திறமையை. தாம் ஒருவராய் நாடு முழுவதும் நடந்து திரியவேண்டியிருந்தமையால், ஓர் ஊருக்கு மீண்டும் எப்போது வரலாமென்பது அவருக்கே தெரியாது. ஆகவே ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் என்னும் பொதுநிலைத் தலைவர்களை நம்பியே அவர் பணி நடந்தது. வழிபாட்டுக்கு மக்களைக் கூட்டுதல், செபங்களை முன்நின்று சொல்லுதல், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தல், சாவுத் தறுவாயில் இருப்போருக்குத் துணைநிற்றல், இறந்தோரை அடக்கஞ்செய்தல் ஆகியன அவர்களுடைய கடமைகள். 1705ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை எழுதினார். குருவானவர் இல்லாத ஊரிலும் எழுத்தறிந்த ஒருவர் எழுந்து நின்று வாசிக்க, ஏனையோர் கேட்டுப் பயனடையலாயிற்று. வாஸ் அடிகளார் 1711ஆம் ஆண்டிற் கண்டியிலே காலமானார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் திகதி கொழும்பு காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அம்மகிமையிலே பெயர் தெரியாத மூப்பர்களுக்கும் அண்ணாவிமாருக்கும் பங்குண்டு.

இம்முறையை உற்றுநோக்கினால், பொறுப்பு என்பது என்னவென்று விளங்கும். அண்ணாவியார் என்பது வெறும் மரியாதைப் பட்டமன்று. அப்பெயருக்குரிய கடமை இன்னதென்று ஊரார் அனைவரும் அறிந்திருந்தனர். கடமையைச் செய்வதற்கு வேண்டிய நூல் அவர் கையில் இருந்தது. குருவானவர் வரும்போது அவருடைய வேலையை விசாரித்துத் திருத்தினார். இம்மூன்றும் இல்லாமல் ஒருவரைத் தலைவரென்று அழைப்பது அவரை ஏமாற்றுவதாகும்.

புரொட்டஸ்தாந்து சபைகளின் வரலாறும் இதற்கு வேறன்று. அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே பணியைத் தொடங்கினர். 1841ஆம் ஆண்டில் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்தபோது அதன் ஆசிரியர்களாக அமர்ந்தோர், வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் தமிழர் இருவர். அவர்கள் குருமாரல்லர். அச்செமினரி 1855ஆம் ஆண்டில் மூடப்பட்டபின், உயர்கல்விக்கு வழிவேண்டுமென்று சுதேச கிறிஸ்தவர்கள் முன்னின்று முயன்றதன் பயனாகவே 1872ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது.

ஆயினும், எமது வாலிபர் செய்தவற்றுள் மிகத் தூரம் சென்று பலன் கொடுத்தது வேறொன்று. யாழ்ப்பாணத்து மாணவரும் இளைஞரும் தம் சொந்தக் காசைச் சேர்த்து, கடலுக்கு அப்பால் தென்னிந்தியக் கரையிலே ஊழியர் இல்லாத பகுதியொன்றுக்குத் தம்மவரையே அனுப்பி ஆதரித்து வந்தனர். 1902ஆம் ஆண்டில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகிய திருநெல்வேலித் தமிழர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து இதனைக் கண்டார். அவருக்கு அப்போது வயது இருபத்தெட்டு. குருப்பட்டம் பெறாதவர். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பது அவர் பெயர். தம்மைவிடத் தொகையிலே மிகக் குறைந்த யாழ்ப்பாணத்துச் சபைகள் செய்யும் இவ்வூழியத்தைத் தம் திருநெல்வேலிச் சபைகள் ஏன் செய்யக்கூடாது என்னும் எண்ணம் அவரை வருத்தியது. அடுத்த ஆண்டே, அதாவது 1903இல், திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் உருவாயிற்று. 1905ஆம் ஆண்டு சேராம்பூரிலே தேசிய மிஷனரிச் சங்கம் பிறப்பதற்கும் அவர் காரணரானார். 1909ஆம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்றுத் தெலுங்கு நாட்டுத் தோர்னக்கலுக்குச் சென்றார். 1912ஆம் ஆண்டில் அங்கிலிக்கன் சபையின் முதலாவது இந்தியப் பேராயரானார். பேராயரானபின்னும், ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும், எழுதப்படிக்கத் தெரியாத ஏழைக் கிராமத்தவராயினும், தாம் பெற்றதைப் பிறருக்கு அறிவிக்கும் கடமையுடையவர் என்பதை அவர் விடாது வற்புறுத்தினார். யாழ்ப்பாணத்து மாணவரின் சில்லறைக் காசு எத்தனை தூரம் பயணஞ்செய்தது பாருங்கள்.

இனி, வாலிபரைப் பயிற்றும் முறைபற்றிப் பிறநாடுகளிற் செய்யப்பட்ட இரண்டு முயற்சிகளைக் கூறுகிறேன். ஒன்று புரொட்டஸ்தாந்து சபையில் எழுந்தது. மற்றையது கத்தோலிக்க சபையில்.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் போட்லாந்து நகரிலே பிரான்சிஸ் கிளாக் என்னும் இளம் போதகர் இருந்தார். உயிர்மீட்சிக் கூட்டங்களின்போது உருகி அழுது தம்மை ஒப்புக்கொடுத்த வாலிபர், சில மாதங்களிற் பழைய நிலைக்குத் திரும்புவது அவருக்குக் கவலையளித்தது. 1881ஆம் ஆண்டு பெப்ருவரி 2ஆந் திகதி மாலை அவர்களைத் தம் இல்லத்துக்கு அழைத்து, உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை முன்வைத்தார். கூட்டந்தோறும் தவறாது வருவது மாத்திரமன்றி, ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதேனும் ஒரு பங்கெடுக்கவும் வேண்டுமென்று அதிற் கண்டிருந்தது. வாலிபர் திடுக்குற்றனர், அறையிலே மௌனம் நிலவியது. வற்புறுத்தல் குறைந்த பத்திரமொன்றை எழுதியிருக்கலாமே என்று நாமாயின் நினைத்திருப்போம். பின்னர் ஒருவர் எழுந்து கையொப்பமிட்டார், ஏனையோர் தொடர்ந்தனர். கிறிஸ்தவ முயற்சிச் சங்கம் இவ்வாறு பிறந்து, சில ஆண்டுகளில் ஆசியா உட்பட உலகெங்கும் பரவியது. அதன் வேலை முழுவதும் சிறு குழுக்களாகப் பகுக்கப்பட்டது. செபக்கூட்டத்தை ஒழுங்குசெய்ய ஒரு குழு, புதியவரைத் தேடவும் வராதவரை விசாரிக்கவும் ஒரு குழு, நட்புக் கூட்டங்களுக்கு ஒரு குழு என்றவாறு ஒவ்வொருவரும் ஏதோவொன்றில் இருந்தே ஆகவேண்டும். கூச்சமுள்ள பிள்ளை ஒரு வசனத்தை வாசித்தாலும் போதும். ஆனால் வாய் திறவாமல் வீடு செல்ல இயலாது. வாலிபரிடம் குறைவாகக் கேட்டால் அவர்கள் நிறைய வருவார்கள் என்ற எம்முடைய கணிப்புக்கு இச்சங்கத்தின் சரித்திரம் நேர்மாறானது.

மற்றைய முயற்சி பெல்ஜிய நாட்டினது. யோசேப்பு கார்டைன் என்பவர் 1882ஆம் ஆண்டிலே தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர். அவர் குருத்துவக் கல்விக்குச் சென்று விடுமுறையில் ஊர் திரும்பியபோது, தொழிற்சாலைக்குச் சென்ற பால்ய நண்பர்கள் அவரை அந்நியராகப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 1912ஆம் ஆண்டிலே அக்காலத்திற் பிரசல்ஸ் நகருக்கு அண்மையிலிருந்த லாகன் பங்குக்கு நியமனம் பெற்று, தொழில் செய்யும் இளம்பெண்களைச் சிறு குழுக்களாகக் கூட்டினார். 1925ஆம் ஆண்டில் இளங் கிறிஸ்தவ தொழிலாளர் இயக்கம் முறையாக நிறுவப்பட்டது. தொழிலாள வாலிபருக்குத் தொழிலாள வாலிபரே தலைவராகவேண்டும் என்பது அதன் அடிப்படை.

அவ்வியக்கத்தின் முறை மூன்று சொற்களில் அடங்கும்: பார்த்தல், சீர்தூக்கல், செயற்படல். பத்துப் பேரளவிலான குழு கூடுகிறது. ஒருவர் அவ்வாரம் தாம் கண்ட ஓர் உண்மையைக் கூறுகிறார். ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் தோழி காய்ச்சலுடன் வேலைக்குச் சென்றாள். விடுமுறை எடுத்தால் வரவுப்படி வெட்டப்படும் என்று அஞ்சினாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு நேர்ந்தது என்ன, ஏன் நேர்ந்தது என்று முதலில் விசாரிக்கிறார்கள். நற்செய்தியின் ஒளியில் இது சரியானதா என்று அடுத்து ஆராய்கிறார்கள். முடிவில், அடுத்த கூட்டத்துக்கு முன் யார் எதைச் செய்வது என்று தீர்மானிக்கிறார்கள்: ஒருவர் அவளை வைத்தியரிடம் அழைத்துச் செல்வார், மற்றொருவர் அவளுக்குச் சட்டப்படி உரிய விடுமுறை எத்தனை நாளென்று அறிந்துவருவார். அடுத்த வாரம் முதல் வேலை, அது செய்யப்பட்டதா என்று கேட்பது. குருவானவர் அங்கே இருப்பார், பெரும்பாலும் பேசாதிருப்பார். பேசத்தெரிந்த ஒருவர் பேசாதிருப்பது எத்தனை கடினம் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிவர்!

இம்முறையைப் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுமடலிலே விதந்துரைத்தார். பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றிய தனி ஏடொன்றை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலே பிரகடனஞ்செய்தது. புரொட்டஸ்தாந்து பக்கத்திலே, 1947ஆம் ஆண்டில் உருவான தென்னிந்திய திருச்சபை, யாழ்ப்பாண ஆதீனம் உட்படத் தன் பேரவைகளில் குருமாருடன் பொதுநிலையினரும் அமர்ந்து வாக்களிக்கும் அமைப்பைக் கொண்டது. ஆக, சட்டத்தில் இடம் உண்டு. வழக்கத்திலேதான் இல்லை. வாலிபர் பிரதிநிதி என்று ஒருவரைக் குழுவிற் சேர்த்துக்கொள்கிறோம். அவர் கடைசிக் கதிரையில் அமர்ந்து கூட்ட அறிக்கையை ஆமோதிக்கிறார். அடுத்த ஆண்டு அவர் வருவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு கிராமச் சபையிலே இளம்பெண் ஒருவர் ஆறு ஆண்டுகள் ஓய்வுநாட் பாடசாலையை நடத்தி வந்தார். நாற்பது பிள்ளைகள். பாடக்குறிப்பும் அவருடையது, நத்தார் நாடகமும் அவருடையது, வராத பிள்ளையின் வீட்டுக்குச் சைக்கிளிற் செல்வதும் அவரே. அந்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறையேனும் சபைக்குழுக் கூட்டத்துக்கு அவர் அழைக்கப்படவில்லை. பிள்ளைகளுக்குப் பாய் வாங்கும் செலவைக்கூட அவர் இல்லாமலே தீர்மானித்தார்கள். மணமுடித்து அவர் வேறூர் சென்றபின் ஒரு மாதத்தில் அப்பாடசாலை நின்றுபோயிற்று. அவருக்குக் கீழ் ஒருவரைப் பழக்கும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லும் கடமை தமக்குண்டென்று குழுவினர் எண்ணவுமில்லை. எமது ஆலயங்களிலே வாங்குகளை நிரப்புவோரிற் பெரும்பங்கினர் பெண்கள் என்பதை எண்ணும்போது, இவ்வகை இழப்பு எத்தனை ஊர்களில் ஓசையின்றி நிகழ்கிறதோ என்று அஞ்சவேண்டியிருக்கிறது.

நிற்க. பெரியோர் பக்கத்து நியாயத்தையும் கூறவேண்டும். வாலிபருக்கு அவசரம் மிகுதி. கூட்டத்திலே பேசவேண்டியதைக் கைத்தொலைபேசியில் ஊரெல்லாம் பரப்பிவிட்டுப் பின்னர் கூட்டத்துக்கு வருவோரும் உளர். திருவருட்சாதனங்களை நிறைவேற்றுவது குருவானவரின் பணி. அதனை மற்றவர் ஏற்க முயல்வது தலைமையன்று, குழப்பம். இவற்றைவிட மனத்தை உறுத்தும் நியாயம் ஒன்றுண்டு: "பழக்கிவிட்டால் கனடாவுக்குப் போய்விடுகிறான்" என்பது. இஃது உண்மை. போர்க்காலத்திலும், 2009இல் அது முடிந்தபின்னும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போதும் எமது இளைஞர் கப்பலேறியும் விமானமேறியும் சென்றனர். ஆயினும், பாடசாலைகளில் நாம் இக்காரணத்துக்காகக் கற்பித்தலை நிறுத்துவதில்லை. இருவர் தேவைப்படும் இடத்தில் ஐவரைப் பழக்குவதே செய்யக்கூடியது. சென்றவன் அங்கேயும் ஒரு சபையிலே பணிசெய்வான்.

பொறுப்பு வந்தால் இளையோர் தாங்குவார்களா என்று ஐயுறுவோருக்கு 1995ஆம் ஆண்டை நினைவூட்டுவேன். அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்து தென்மராட்சியிலே பாடசாலைகளிலும் மரநிழல்களிலும் தங்கினர். நாங்கள் தங்கியிருந்த இடத்திலே ஞாயிறு காலை வழிபாட்டை நடத்தியவர்கள் இருபது, இருபத்திரண்டு வயதினர். குழந்தைகளுக்குப் பால்மாப் பட்டியல் எழுதியவர்களும் அவர்களே. யாரும் அவர்களைத் தெரிவுசெய்யவில்லை, தேவை தெரிவுசெய்தது. அமைதிக் காலத்தில் நாம் அவர்களிடமிருந்து எழுதுகோலைத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

ஆகவே, எங்கே தொடங்குவது? பணத்திலே தொடங்கவேண்டும் என்று நான் சொல்வேன். இது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். செபம் சொல்லவும் பாட்டுப் பாடவும் வாலிபரை விடுவதற்கு நாம் தயங்குவதில்லை. காசுப் பெட்டிக்கு அருகில் விடுவதற்கே தயங்குகிறோம். நம்பிக்கையின் அளவு அவ்விடத்திலேதான் தெரியவருகிறது. விளைச்சற் பெருவிழாவின் வரவுசெலவை ஓர் ஆண்டு இளையோர் மூவரிடம் ஒப்படைக்கலாம். பெருந்தொகையன்று, தவறினும் சபை வீழ்ந்துவிடாது. பொருளாளராயுள்ள பெரியவர் பற்றுச்சீட்டு எழுதும் முறையையும், காசேட்டைச் சமப்படுத்தும் முறையையும் பக்கத்திலிருந்து காட்டிக்கொடுக்கவேண்டும், தாமே எழுதிக்கொடுக்கலாகாது. முடிவிலே அவர்கள் கணக்கைத் தாளொன்றில் எழுதிக் கோயில் வாசலில் ஒட்டட்டும். ஐயாயிரம் ரூபா துண்டுவிழுந்தால் அது ஏன் விழுந்தது என்று சபைமுன் அவர்களே கூறட்டும். கணக்கு ஒப்புவித்த ஒருவர் அடுத்த ஆண்டு சபைக்குழுவில் அமரும்போது கடைசிக் கதிரையைத் தேடமாட்டார்.

வாசகம் வாசிப்போரின் பெயரைச் சனிக்கிழமை இரவிற் சொல்லாமல் மாதத் தொடக்கத்திலேயே அட்டவணையாக இடுதல், நோயாளரைச் சந்திக்கச் செல்லும் மூப்பர் தம்முடன் இளைஞர் ஒருவரை அழைத்துச் செல்லுதல், ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் உதவியாசிரியர் ஒருவரை நியமித்தல் ஆகியவை செலவின்றிச் செய்யத்தக்கன, விரிக்கவேண்டியதில்லை. பதவிக் காலத்தைப்பற்றி மாத்திரம் ஒரு வார்த்தை. மூன்று அல்லது நான்கு கோயில்களை ஒரே குருவானவர் பராமரிக்கும் ஊர்களிலே, இருபது ஆண்டுகளாக ஒருவரே செயலாளராயிருப்பது வழக்கமாகிவிட்டது. அவர் உழைப்பாளியாகவும் நேர்மையுள்ளவராகவும் இருப்பதே இதிலுள்ள சிக்கல். கெட்டவராயின் என்றோ மாற்றியிருப்பார்கள். மூன்று ஆண்டுகள் பதவி, நான்காம் ஆண்டு பதவியின்றி அமர்ந்து புதியவரைப் பழக்குதல் என்று விதியொன்றை ஏற்படுத்தினால், எவருடைய மனமும் புண்படாமல் மாற்றம் நிகழும். வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு அறிவித்தல் எழுதும்போதே அதனை நிகழ்ச்சிநிரலிற் சேர்த்து, இருபத்தைந்து வயதுக்குட்பட்ட ஒருவரைக்கொண்டு அந்த அறிவித்தலை எழுதுவிக்கலாம்.